மின்கல ரம்பமும் ஒரு வேப்பமரமும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டவுடன், முப்பதாண்டுகள் இலக்கியம் பயிற்றிய பழக்கத்தால் சங்கப் பாடல்களில் மரங்கள் என்னும் தலைப்பே முதலில் என் நெஞ்சில் எழுந்தது. எழுத அமர்ந்தபோதோ, என் கைகளால் நான் வீழ்த்திய மரம் ஒன்று கண்முன் வந்து நின்றது. அதனை மறைத்துவிட்டு மரங்களைப் போற்றி எழுதுவது நேர்மையாகப் படவில்லை. எனவே எங்கள் தோப்புக் கொட்டகையில் தொங்கும் மின்கல ரம்பம் ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதனை உடைமையாகப் பெற்றதால் எனக்கு விளைந்த நன்மை எது, தீமை எது என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். தந்தையார் விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் தென்னந்தோப்பும், அதன் நடுவே ஓட்டு வீடும் எங்கள் குடும்பத்தின் சொத்து. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கஜா புயல், சில மணி நேரத்தில் அத்தோப்பின் உருவத்தையே மாற்றிவிட்டது. வேரோடு சாய்ந்தவையும் நடுவில் முறிந்தவையுமாகத் தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வாயிற்படியிலிருந்து கிணற்றடிக்குச் செல்லக்கூட வழியில்லை. மின்கம்பங்களும் மரங்களோடு சேர்ந்து விழுந்திருந்தமையால் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

அந்நாட்களில் மரம் அறுப்பவரைத் தேடி அலைந்த துன்பத்தைச் சொல்லி மாளாது. பெட்ரோலால் இயங்கும் அறுப்பு மிஷின் வைத்திருந்தோர் நம் வீட்டுப் பக்கம் திரும்பப் பல நாட்களாயின. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; ஊரெங்கும் அதே நிலை. எங்கள் குடும்பத்திற்குத் தந்தையார் காலம் முதல் மரவேலை பார்த்துவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். எழுபதை நெருங்கிய வயது. அவரிடம் இருந்தவை ஒரு கோடரி, இரு முனையிலும் பிடியுடைய நீண்ட வாள் ஒன்று, முனை மழுங்கிய சில அரங்கள். அந்த வாளை இழுக்க இருவர் வேண்டும். உடன் இழுத்துவந்த அவருடைய மைத்துனர் சில ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். ஆகவே கோடரி ஒன்றை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு வந்து, கிணற்றடிப் பாதையை இரண்டு நாட்களில் திறந்து கொடுத்தார்.

வளைகுடா நாட்டில் பணியாற்றும் என் மகன் தொலைபேசியில் இவற்றையெல்லாம் கேட்டிருந்தான். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டியை என் முன் வைத்தான். "இனிமே யாருக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்ப்பா" என்றான். பெட்டிக்குள் இருந்தது ஒரு மின்கல ரம்பம். 14 அங்குல நீளமுள்ள தட்டையான இரும்பு அலகு. அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் பல் சங்கிலி. பின்புறம் பொருத்தும் மின்கலம். மின்கலங்கள் இரண்டினையும் மகன் கைப்பையில் வைத்தே கொண்டுவந்திருந்தான். பயணிகள் கொண்டுசெல்லும் உதிரி மின்கலம் சரக்குப் பெட்டியில் போகலாகாது என்பதும், 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும் என்பதும், அவையும் இரண்டுக்கு மேல் கூடா என்பதும் விதி. எங்களுடையது 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 144 வாட்-மணி. ஒரு மரம் அறுக்கும் கருவிக்கு இத்தனை கணக்கா என்று அன்று வியந்தேன். அக்கணக்கில்தான் அக்கருவியின் நிறையும் குறையும் அடங்கியுள்ளன என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

எந்தப் பொருளையும் அதன் வரலாறு அறிந்து கையாளுதல் ஆசிரியர்க்குரிய இயல்பு. தேடிப் படித்தபோது வியப்பான செய்திகள் கிடைத்தன. சங்கிலியில் பற்களைக் கோத்து அறுக்கும் எண்ணம் முதலில் தோன்றியது காட்டில் அன்று; மருத்துவ மனையில். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இருவர், எலும்பை அறுப்பதற்குக் கையால் இழுக்கும் சிறு பல் சங்கிலியைப் பயன்படுத்தினர். மரம் அறுப்பதற்கு ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1926-இல் உருவாக்கிய ரம்பம் மின்சாரத்தால் இயங்கியது. அதனைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. பெட்ரோல் ரம்பத்தை அவர் 1929-இல் கொண்டுவந்தார். ஆகவே மின்சாரத்தால் மரம் அறுப்பது புதுமை என்று நாம் கருதுவது பிழை. பழையது திரும்பி வந்திருக்கிறது. வரும்போது கம்பியை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே.

இன்னொரு செய்தி இதனினும் இனியது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் பஃபோர்டு காக்ஸ் என்பார், 1946-இல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்று துளைத்துச் செல்வதைக் கண்டார். அது நாரின் போக்கிலும் குறுக்கிலுமாக இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து முன்னேறியது. அதன் தாடையைப் போன்றே வளைந்த பற்களை இடம் ஒன்று, வலம் ஒன்றாக அமைத்து அவர் செய்த சங்கிலி 1947-இல் விற்பனைக்கு வந்தது. இன்றுள்ள சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. மரத்தை அழிக்கும் புழுவிடமே மனிதன் மரம் அறுக்கக் கற்றான் என்பது எண்ணத்தக்கது. எங்கள் கருவியின் உயிராகிய லித்தியம் மின்கலம் 1991-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் அறிஞர் மூவர்க்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி நன்மைகளைக் கூறுவேன்.

பெட்ரோல் மிஷினை இயக்கக் கயிற்றைப் பலமுறை வெட்டி இழுக்க வேண்டும். அதன் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்னும் கணக்கில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் எண்ணெய். கலவை தவறினால் இயந்திரம் கெடும். மின்கல ரம்பத்திற்கு இவை எதுவும் இல்லை. பூட்டை விடுவித்து விசையை அழுத்தினால் ஓடும். விரலை எடுத்தால் நிற்கும். இரண்டு வெட்டுகளுக்கு இடையில் வீணே உறுமிக்கொண்டிருப்பதில்லை. புகை இல்லை. அதிர்வும் குறைவு. பெட்ரோல் ரம்பத்தை ஆண்டுக்கணக்கில் பிடித்தவர்க்கு விரல்கள் வெளுத்து உணர்வு மங்கும் நோய் வருவதுண்டு என்பதை நோக்க இது சிறிய நன்மையன்று.

ஓசை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் ரம்பத்தின் ஓசை அதைப் பிடித்திருப்பவர் காதில் 100 டெசிபலைத் தாண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கத் தக்க எல்லையாக வல்லுநர் குறிப்பது 85 டெசிபல். மின்கல ரம்பமும் ஓசையற்றதன்று. காதடைப்பான் அதற்கும் வேண்டும். ஆயினும் மரம் முறியத் தொடங்கும் முதல் நெரிவை அதனிடையே கேட்க முடிகிறது. அருகில் நிற்பவர் "நகருங்க" என்று கூவினால் காதில் விழுகிறது. மரவேலையில் உயிரைக் காப்பது பல வேளைகளில் அக்கூவல்தான்.

செலவும் குறைவு. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 1,000 வாட்-மணி. 144 வாட்-மணி கொண்ட மின்கலத்தை, மின்னேற்றும்போது வீணாவதைக் கழித்தாலும், ஒரு யூனிட்டைக் கொண்டு ஆறு முறை நிரப்பலாம். கீழே கிடந்த தென்னைகளை முழம் முழமாகத் துண்டாக்கவும், வேலியோரத்துச் சீமைக் கருவேலை முள்ளில் சிக்காமல் எட்டி அறுக்கவும், காய்ந்த கிளைகளைக் கழிக்கவும் இக்கருவி எனக்கு உதவியதை மறுத்தால் நன்றி கொன்றவன் ஆவேன். ஐம்பத்து மூன்று வயதில், பாடம் நடத்துவதைத் தவிர வேறு உழைப்பு அறியாத நான், எங்கள் தோப்பை என் கையால் ஒழுங்கு செய்தேன் என்பதில் எனக்கிருந்த பெருமிதமும் சிறிதன்று.

தீமைகளுக்கு வருவோம்.

முதலாவது, ஆற்றலின் எல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 9,000 வாட்-மணி. எங்கள் மின்கலத்தில் இருப்பது அதில் அறுபதில் ஒரு பங்கு. பெட்ரோல் இயந்திரம் தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவது உண்மையே. எனினும் இடைவெளி பெரிது. கடினமான மரத்தில் ரம்பம் 1,000 வாட் அளவில் இழுத்தால் ஒன்பது நிமிடத்திற்குள் மின்கலம் வெறுமையாகும். அறுக்காத நேரத்தில் அது எதையும் செலவிடாது என்பதால்தான் நடைமுறையில் அரைமணி நேரமேனும் வேலை நடக்கிறது. காய்ந்த கருவேலில் அந்த அரைமணியும் இல்லை. கோடை வெயிலில் சூடேறிய மின்கலத்தை மின்னேற்றியில் வைத்தால், அது ஆறும்வரை மின்னேற்றி அதை ஏற்க மறுக்கும். வேலை செய்பவனும் அதுவரை நிழலில் அமர வேண்டியதுதான்.

இரண்டாவது, சார்பு. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்து, எங்கள் பக்கம் பெருமழையாகக் கொட்டியது. தெருமுனையில் தென்னை ஒன்று சாலையின் குறுக்கே விழுந்தது. மின்சாரம் மூன்று நாட்கள் வரவில்லை. முந்திய வாரம் கிளை கழித்துவிட்டு நான் மின்கலங்களை நிரப்ப மறந்திருந்தேன். புயலை எண்ணி வாங்கிய கருவி, புயல் வந்த நாளில் சுவரில் தொங்கியது. சாலையைத் திறந்தது பெரியவரின் கோடரிதான்.

மூன்றாவது, ஒரு நிறுவனத்தின் மின்கலம் மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. கோடரியின் காம்பு உடைந்தால் ஊர்த் தச்சர் வேறு காம்பு போடுவார். மின்கலம் தளர்ந்தால் அதே வகையைத் தேடி வாங்க வேண்டும். எங்கள் வகை இப்பகுதிக் கடைகளில் இல்லை. ஆறேழு ஆண்டுகள் கழிந்த இன்று, எங்கள் மின்கலங்கள் முன்போல் பாதி நேரமே உழைக்கின்றன. தளர்ந்தவற்றைக் குப்பையில் எறிவதும் தகாது. நசுங்கினால் தீப்பற்றக் கூடியவை அவை. விற்ற நிறுவனமே பயன் தீர்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த என்னுடைய மின்கலத்தை யாரிடம் திருப்புவது?

நான்காவது, அதன் மென்மையே ஒரு மயக்கம். புகையும் உறுமலும் இல்லாததால் இஃது ஏதோ வீட்டுப் பொருள் என்னும் எண்ணம் வந்துவிடுகிறது. சங்கிலி ஓடும் வேகம் விநாடிக்குப் பல மீட்டர். தசைக்கும் மரத்திற்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. ஒருநாள் கிடந்த மரத்தை அறுக்கும்போது, அலகின் நுனியின் மேற்பகுதி மறைவிலிருந்த வேறொரு கட்டையில் பட்டது. ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கித் துள்ளி என் முகத்திற்கு நேரே எழுந்தது. முன்கைக்குக் காப்பாக உள்ள தடுப்பு மணிக்கட்டில் மோதி, சங்கிலி அந்தக் கணமே நின்றது. நிற்காதிருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அலகின் நுனியில் மேற்கால் பகுதியால் எதையும் தொடலாகாது என்பது கையேட்டின் முதற்பக்கங்களில் இருந்த எச்சரிக்கை. மாணவர்களுக்கு முன்னுரையைப் படியுங்கள் என்று ஓயாமல் சொன்ன நான், அதைப் படிக்காமல் புரட்டியிருந்தேன்.

இவையெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்லக்கூடிய நிறைகுறைகள். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் வீட்டின் பின்புறம், அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இடையே ஒரு வேப்பமரம் நின்றது. 1964-இல் வீடு கட்டியபோது தந்தையார் நட்டது. அதன் அடியில்தான் அம்மாவின் கயிற்றுக் கட்டில். பகல் உணவுக்குப் பின் அம்மா சாய்வதும், கீரை ஆய்வதும், பங்குனியில் உதிரும் பூவைச் சேலை விரித்துச் சேர்ப்பதும் அங்கேதான். கஜா அதன் பெருங்கிளைகளை முறித்து மொட்டையாக்கிவிட்டது. ஒரு கிளை மட்டும் அடுப்படிக் கூரையின்மேல் சரிந்து நின்றது. டிசம்பரிலேயே அதனை வெட்டிவிட வேண்டும் என்று பெரியவரை அழைத்தேன். அவர் மரத்தைச் சுற்றிவந்தார். பட்டையை நகத்தால் சுரண்டினார்.

"இது சாகல வாத்தியாரய்யா. பச்சை இருக்கு பாருங்க. கூரை மேல கெடக்குற கொம்ப மட்டும் எடுத்துடலாம். மரத்த ஒரு சித்திர பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"மொட்டையா நிக்குதே பெரியவரே, அடுத்த காத்துல வீட்டு மேல விழுந்தா?" என்றேன்.

"நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனார். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து கொம்பை மட்டும் இறக்கிவிட்டு, மற்றதற்கு மறுபடியும் நாளை என்றார். முதுமையின் சோர்வு என்று நான் எண்ணிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ரம்பம் வந்தது. அம்மா என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தார். மகன் விடுமுறை முடிந்து புறப்பட்ட மறுநாள், வீட்டில் ஒருவித வெறுமை. கீழே கிடந்த தென்னைகளை அறுத்து முடித்திருந்தேன். மின்கலங்கள் இரண்டும் நிறைந்திருந்தன. கை சும்மா இருக்க மறுத்தது. மொட்டை மரம் கண்ணில் பட்டது. சாயும் பக்கத்தில் வாய்வெட்டு வைத்து, மறுபுறத்திலிருந்து அறுத்து, நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீல்போல் விட்டு வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அவ்வாறே செய்தேன். அரைமணி நேரம் ஆகவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டு மரம் மாட்டுக் கொட்டகைக்கு அப்பால் நான் குறித்த இடத்தில் விழுந்தது. வெற்றிக் களிப்புடன் அருகில் சென்றேன். என் காலடியில் குவிந்திருந்த தூள் ஈரமாக இருந்தது. அடிக்கட்டையின் விளிம்பில் சுற்றிலும் நீர் கசிந்தது. வேம்பின் கசப்பு மணம் அந்தப் புழக்கடை முழுவதும் நிறைந்தது. வெட்டுண்ட தண்டின் மேற்பகுதியில், என் விரல் நுனி அளவுக்குச் செந்தளிர்கள் ஐந்தாறு கிளம்பியிருந்தன. கீழிருந்து பார்த்தபோது அவை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அம்மா திரும்பி வந்தார். புழக்கடைக் கதவைத் திறந்து சற்று நேரம் நின்றார். என்னை எதுவும் கேட்கவில்லை. கட்டிலை ஒருபுறம் பிடிக்கச் சொல்லி, மறுபுறம் தாம் பிடித்து, அதைத் திண்ணைக்கு மாற்றினார். "இங்க காலையில மட்டும் நெழலு இருக்கும்" என்றார். அதற்குமேல் அம்மா அதைப் பற்றிப் பேசியதில்லை.

அன்றிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருப்பது இது: பெரியவர் "நாளைக்கு" என்று சொல்லிவந்தது சோர்வினால் அன்று. ஒரு மரத்திற்கும் அதன் சாவுக்கும் இடையில் முன்பெல்லாம் ஓர் இடைவெளி இருந்தது. ஆளைத் தேட வேண்டும். கூலி பேச வேண்டும். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் அரைநாள் இழுக்க வேண்டும். அவ்விடைவெளியில் கோபம் தணியும். வேறொருவர் வந்து வேண்டாம் என்பார். மழை வந்து தளிர் காட்டும். பெட்ரோல் மிஷின் அதைச் சுருக்கியது. என் மின்கல ரம்பமோ அதனை ஒரு விரல் அழுத்தும் நேரமாக்கிவிட்டது. உடனே இயங்கும் என்பதை நான் நன்மைகளின் வரிசையில் முதலில் எழுதினேன். தீமைகளின் வரிசையிலும் அதனையே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பழந்தமிழ் வேந்தர் பகைவரின் காவல் மரத்தை வெட்டுதலைப் போரின் வெற்றியாகக் கொண்டனர். கடம்பை வெட்டி முரசு செய்தான் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். ஒரு மரத்தை வெட்டுவது ஒரு குடியை வெல்வதற்கு ஒப்பாயிருந்தது என இதனை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் காவல் மரத்தை, பகை ஏதுமின்றி, பொழுது போகாமல் நானே வெட்டினேன்.

இவ்விடைவெளியைச் சட்டத்தால் மீட்க முயன்ற நாடுகள் உண்டு. பிலிப்பைன்ஸ் 2002-இல் சங்கிலி ரம்பத்திற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, அதனை வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் பதிவும் அனுமதியும் வேண்டும் என்றது. பிரேசிலில் காடுகளில் உரிமமின்றி அதனை இயக்குவதை 1998-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. நம் மாநிலத்தில், மாநில மரமாகிய பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. இவை காட்டையும் பனையையும் காக்கலாம். வீட்டுப் புழக்கடையில் நிற்கும் வேம்புக்கு, அவ்வீட்டார் மனம் ஒன்றே காவல்.

வெட்டிய சில நாட்களுக்குப் பின் பெரியவர் வந்தார். அடிக்கட்டையைப் பார்த்தார். நான் தலைகுனிந்து நின்றேன். கடிந்து ஒரு சொல் கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ரம்பத்தைக் கேட்டு வாங்கினார். மின்கலத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, சங்கிலியின் பற்களை விரலால் தடவிப் பார்த்தார். "ஒண்ணு எடம், ஒண்ணு வலம். நம்ம வாளு மாதிரிதான். மொன மழுங்கிப் போச்சு, அதான் தூள் மாவா விழுந்திருக்கு" என்றார். உருண்டை அரம் ஒன்று பெட்டியிலேயே இருந்தது. திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார். அந்தச் சங்கிலியை அவர் அதற்குமுன் கண்டதில்லை. கற்பிக்க வேண்டியதும் இருக்கவில்லை.

இக்கருவியால் அவர் பிழைப்பு கெட்டதோ என்று கேட்டேன். "அது பெட்ரோல் மிஷினு வந்தப்பவே போச்சுங்கய்யா. அந்தக் கயித்த இழுக்க எனக்குத் தோள்ல வலுவில்ல. கூட வாள் இழுக்கவும் ஆளில்ல" என்றார். பிறகு தயங்கி, "இது இழுக்க வேண்டியதில்லையே" என்றார். அன்றிலிருந்து என் ரம்பத்தை இயக்குபவர் அவரே. தலைக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பானும் முதலில் கூச்சத்துடன்தான் அணிந்தார். நான் துள்ளலைப் பற்றிச் சொன்னபின் மறுக்கவில்லை. ஊரார்க்கு அவர் செய்யும் வேலையின் கூலி முழுவதும் அவருடையது. எனக்கு அதில் பங்கு வேண்டாம். தீட்டிக் கொடுப்பதே வாடகைக்கு மேல். தோளில் வலுவிழந்த ஒரு தொழிலாளிக்கு அவர் தொழிலை மீட்டுக் கொடுத்தது என்பதை, இக்கருவியின் நன்மைகளில் நான் தலையாயதாகக் கருதுகிறேன். கருவியைக் கொண்டவர் மரமும் அறிந்தவராக இருத்தல் வேண்டும் என்னும் பாடமும் அதில் அடங்கியிருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். ரம்பம் தோப்புக் கொட்டகையில் தொங்கும். மின்கலங்கள் வீட்டினுள், அம்மாவின் அறை அலமாரியில் இருக்கும். கொட்டகையின் வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதும், சிறுவர் கையில் படலாகாது என்பதும் நாங்கள் வெளியில் சொல்லும் காரணங்கள், அவை உண்மையும்கூட. நிற்கும் மரத்தை அறுக்க வேண்டுமானால் மின்கலத்தை அம்மாவிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதே உட்காரணம். கேட்டால் அம்மா மறுப்பதில்லை. "எந்த மரம்?" என்று மட்டும் கேட்பார். அக்கேள்விக்கு விடை சொல்லி முடிப்பதற்குள் சில மரங்கள் பிழைத்திருக்கின்றன.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் அடிக்கட்டையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தளிர்கள் கிளம்பின. வெட்டிய வேம்பு தழைப்பது இயற்கையே. எனக்கு அது மன்னிப்பாகத் தோன்றியது. வலிய தளிர் ஒன்றை நிறுத்தி, ஏனையவற்றைப் பெரியவர் அரிவாளால் கழித்தார். அதற்கு ரம்பம் வேண்டாம் என்றார். இப்போது அது கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. சென்ற பங்குனியில் பூவும் உதிர்ந்தது. கட்டிலைத் திண்ணையிலிருந்து மீண்டும் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறோம். நண்பகலில் நிழல் பாதிக் கட்டில்வரை வருகிறது. அந்தப் பாதியில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள அம்மா பழகியிருக்கிறார். அவருக்கு வயது எண்பத்தாறு. மீதிப் பாதிக்கும் நிழல் வருவதை அவர் காண வேண்டும் என்பதே என் வேண்டுதல்.